தேர்வுக்கு வராத வரி

ஜூன் 4, செவ்வாய்

எங்கள் பயிற்சி மையத்தின் ஜூலை மாத நடப்பு நிகழ்வு இதழுக்கான வேலையை இன்று தொடங்கினேன். போன மாதச் செய்தித்தாள்கள் மேசைமேல் மலையாகக் கிடக்கின்றன. கத்தரிக்கோல் மொண்ணை. மையம் நடத்துகிற சாரிடம் புதிது கேட்டால், "எல்லாம் கம்ப்யூட்டர்லயே படிக்கலாமேம்மா" என்பார். படிக்கலாம்தான். எனக்கென்னவோ தாளைக் கையில் பிடித்து வெட்டினால்தான் செய்தி மண்டைக்குள் இறங்குகிறது.

காட்டுயிருக்குப் பச்சைப் பேனா, வேளாண்மைக்கு மஞ்சள், வளர்ச்சித் திட்டங்களுக்கு நீலம். முழுப் பக்கத்துக்கு வந்த செய்தியானாலும் என் இதழில் அதற்கு ஒரே வரி. என்ன, எங்கே, எவ்வளவு, எதற்குப் பேர்போனது – இந்த நான்கும் அடங்கிவிட்டால் மிச்சம் குப்பைக்கூடைக்கு. வயது வரம்பு தாண்டும்வரை நானே எழுதி எழுதித் தோற்ற அரசுப் பணித் தேர்வு இது. தோற்றதில் கைக்கு வந்தது ஒன்றுதான்: எது கேள்வியாக வரும், எது வராது என்று மோப்பம் பிடிப்பது. இப்போது அதை வைத்துத்தான் பிழைப்பு. பயிற்சி மையத்துப் பிள்ளைகள் எனக்கு 'ஒருவரி அக்கா' என்று பேர் வைத்திருக்கிறார்கள். முதுகுக்குப் பின்னால்தான் சொல்கிறார்கள், ஆனால் என் முதுகுக்கும் காது உண்டு.

ஜூன் 9, ஞாயிறு

அண்ணன் போன் செய்தான். வெங்காய நாற்று நன்றாக வந்திருக்கிறதாம். தண்ணி இறங்கிக்கொண்டே போகிறதாம், இன்னும் கொஞ்சம் இறங்கினால் கீழ்வயலையும் உழுதுவிடலாம் என்றான். தண்ணி என்றால் எங்கள் வயலை ஒட்டிக் கிடக்கிற பெரிய நீர்நிலை. ஏரி என்றோ குளம் என்றோ நாங்கள் யாரும் அதைச் சொன்னதில்லை. "தண்ணிப் பக்கம் போறேன்", "மாடு தண்ணிக்குள்ள எறங்கிடுச்சு", அவ்வளவுதான். வீட்டில் இருக்கிற ஒரு ஆளைப் போல, அதற்குப் பேர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

யாரோ இரண்டு பேர் மூன்று காலில் நிற்கிற கருவி ஒன்றை வரப்பில் வைத்து ஒற்றைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போனார்களாம். "ரோடு போடப் போறாங்களோ?" என்றான்.

"போட்டா நல்லதுதானே. வண்டி வயல் வரைக்கும் வரும்."

"நீதான் ஊரு ஒலகத்து சேதியெல்லாம் படிக்கிறவ. ரோடு எப்ப வருதுன்னு பாத்துச் சொல்லு, வாத்தியாரம்மா."

சரி என்றேன். அண்ணி பின்னாலிருந்து, "மொதல்ல அவள ஊருக்கு வரச் சொல்லுங்க, ரோடு அப்பறம் வரட்டும்" என்று சத்தம் போட்டது கேட்டது.

ஜூன் 21, வெள்ளி

இதழை இன்று முடித்தே ஆக வேண்டும். அச்சகத்துக்காரர் மூன்று தடவை கூப்பிட்டுவிட்டார்.

கடைசி நேரத்தில் ஒரு துண்டுச் செய்தி அகப்பட்டது. எட்டாம் பக்கத்து மூலையில், எறும்பு எழுத்தில். கீழ் வடிநில ஈரநிலத் தொகுப்பு. இரண்டு மாவட்டங்களில் பரவிய பதினோரு நீர்நிலைகள், அறுநூற்றுப் பத்து ஹெக்டேர், கரண்டிவாயன் என்ற பறவை கூடு கட்டும் இடம், காப்பகமாக அறிவிக்க உத்தேசம். நம் மாவட்டமும் அதில் ஒன்று. எனக்கு ஒரே சந்தோஷம். இத்தனை வருடமாக யார் யாரோ ஊர்க் காப்பகத்தையெல்லாம் உருப்போட வைத்தேன், நம் பக்கத்துக்கும் ஒன்று வந்தாயிற்று. இது கேள்வியாக வரும், அடித்துச் சொல்வேன்.

பச்சைப் பேனாவால் ஒரே வரி. செய்தியின் கடைசியில், ஆட்சேபணை உள்ளவர்கள் அறுபது நாள்களுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்கலாம் என்று இருந்தது. அது தேர்வுக்கு வராது. வெட்டிவிட்டேன்.

ஜூலை 7, ஞாயிறு

வகுப்பில் இன்று ஒரே சிரிப்பு. கீழ், வடிநில, ஈரநில – கீ, வ, ஈ. "கீரி வந்து ஈ விரட்டியது" என்று போர்டில் எழுதினேன். கடைசி வரிசைத் தூங்குமூஞ்சிகள்கூட எழுந்து உட்கார்ந்தார்கள். ஒருத்தி கீரி படமே வரைந்துவிட்டாள், கையில் விசிறியோடு. இருநூறு பேர் ஒரே குரலில் சொன்னபோது ஜன்னல் அதிர்ந்தது.

அறைத்தோழியிடம் சொன்னேன். எந்தப் பேச்சை எடுத்தாலும் இந்த வருடக் கட்-ஆஃப் எவ்வளவு போகும் என்பதில் கொண்டுவந்து முடிப்பாள், அதனால் அவளுக்கு நான் வைத்த பேர் கட்-ஆஃப். "நீ எழுதியிருக்கணும்டி. ஒரே ஒரு வருஷம் வயசு வரம்பை ஏத்தியிருந்தாங்கன்னா நீ எங்கயோ போயிருப்ப" என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது.

ஜூலை 16, செவ்வாய்

மழை. செருப்பு அறுந்தது. எழுத வேறொன்றும் இல்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

கட்டுரை திருத்தும் நாள். 'வனவிலங்குப் பாதுகாப்பும் வேளாண் வளர்ச்சியும்.' அறுபது கட்டுரைகள், ஐம்பத்தொன்பது ஒரே மாதிரி முடிகின்றன: "எனவே வளர்ச்சிக்கும் பாதுகாப்புக்கும் இடையே சமநிலை பேணப்பட வேண்டும்." சொல்லிக் கொடுத்தவள் நான்தான். எந்தத் தலைப்பு கொடுத்தாலும் இந்த வாக்கியத்தைக் கடைசியில் ஒட்டு, பாதகமில்லாமல் மதிப்பெண் விழும் என்று. ஒரு பையன் மட்டும், "சமநிலையைப் பேணுவது யார் என்று தெரியவில்லை" என்று முடித்திருந்தான். வழக்கமான முடிவு இல்லையென்று மதிப்பெண் குறைத்தேன்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

கேட்டதைக் கேட்டபடி எழுதிவிடுகிறேன்.

சாயங்காலம் அண்ணன் கூப்பிட்டான். குரலில் கிண்டல் இல்லை. பம்புசெட் சுவரில் யாரோ ஒரு தாள் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். "நான் வாசிக்கிறேன், என்னன்னு நீ சொல்லு" என்றான். எட்டாவதோடு நின்றவன். அரசாங்கத் தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பான்.

"கீழ்... வடி... நில... ஈர..."

"ஈரநிலத் தொகுப்பு" என்றேன். "அறுநூத்திப் பத்து ஹெக்டேர். பதினோரு நீர்நிலை. கரண்டிவாயன்."

வகுப்பில் எவனாவது பாதியில் திக்கி நின்றால் நானே முடித்து வைப்பேன், அந்தப் பழக்கம். நின்று யோசிக்கவே இல்லை. சொல்லி முடித்த பிறகுதான் அவன் வாசிப்பது எங்கள் பம்புசெட் சுவர் என்பது உறைத்தது.

அண்ணன் வாசிப்பதை நிறுத்தினான்.

"ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

"புக்குல போட்டேன்ணே."

"எப்ப?"

"ஜூன்ல."

"அப்ப ஏன் எங்கிட்ட சொல்லல?"

"தண்ணின்னு போடலண்ணே அதுல..."

இதைவிடக் கேவலமாக ஒரு பதில் சொல்ல முடியுமா? ஆனால் உண்மை அதுதான். தண்ணி என்று போட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். மூன்று கால் கருவி ரோட்டுக்கு இல்லை, எல்லைக்கு. அதை அண்ணன் என்னிடம்தான் சொன்னான், பாத்துச் சொல்லு என்றும் சொன்னான். நான் பார்த்தேன். இருநூறு பிள்ளைகளுக்குப் பாட்டாகவே பாடிச் சொன்னேன். அவனுக்கு மட்டும் சொல்லல. சொல்லத் தெரியல. நாசமாப் போன கீரி.

மிச்சத்தையும் அவனே வாசித்தான். தொகுப்பின் எல்லைக்குள் உழவு, பம்புசெட், உரம், புல் அறுத்தல் எல்லாவற்றுக்கும் தடை. நில உரிமை மாறாது. இழப்பீடு குறித்துப் பின்னர் முடிவு செய்யப்படும். ஆட்சேபணைக்கான காலம் முடிந்துவிட்டது.

"முடிஞ்சிருச்சா?" என்று அண்ணன் என்னைக் கேட்டான், தாளில் இருப்பதை நான் மாற்றிச் சொல்லிவிடுவேன் என்பதுபோல. முடிஞ்சிருச்சுண்ணே என்றேன். போனை வைத்துவிட்டான்.

ஆகஸ்ட் 28, புதன்

ஜூன் மாதத் தாளைக் குப்பைக்கூடையில் தேடினேன். இரண்டு மாதக் குப்பை எங்கே இருக்கும்? பைத்தியக்காரி.

ஆகஸ்ட் 31, சனி

அண்ணன் போனை எடுக்கவில்லை. எட்டுத் தடவை கூப்பிட்டேன். கடைசியில் அண்ணி எடுத்து, "அவரு குளிக்கிறாரும்மா" என்றாள். காலையிலும் குளித்தார், மத்தியானமும் குளித்தார், இப்போதும் குளிக்கிறார். நான் நம்பியதுபோலவே காட்டிக்கொண்டேன். அண்ணிக்குப் பொய் சொல்லி வழக்கமில்லை, அதனால் ஒரே பொய்யைத் திரும்பத் திரும்பச் சொல்கிறாள்.

செப்டம்பர் 3, செவ்வாய்

விடுப்புப் போட்டுவிட்டு மாவட்ட வன அலுவலகத்துக்குப் போனேன். காலையிலிருந்து பெஞ்சில் காத்திருந்து, சாப்பாட்டு வேளைக்குப் பிறகுதான் உள்ளே விட்டார்கள். அதிகாரி சின்ன வயது. மேசையில் எல்லாம் கோட்டுக்கோடாக அடுக்கியிருந்தது. கண்ணியமாகத்தான் பேசினார்.

"நிலம் ஒங்களுதுதாங்க. யாரும் பறிக்கல. உழக்கூடாது, அவ்வளவுதான்."

சோறு ஒன்னுதுதான், வாயை மட்டும் திறக்காதே என்று சொல்வதுபோல இருந்தது. ஆட்சேபணை எழுதிக் கொண்டுபோயிருந்தேன். அவர் முழுதாக வாசித்தார், அதுவே பெரிது.

"நல்லா எழுதியிருக்கீங்க. இது அப்ப வந்திருந்தா எல்லைய வரப்புக்கு அந்தப் பக்கம் தள்ளி வச்சிருக்கலாம். மேல பக்கம் ஒரு ஊர்ல அப்படித்தான் செஞ்சோம். ஒங்க பக்கத்துலேருந்து ஒரு ஆட்சேபணைகூட வரல. பேப்பர்ல போட்டோமே. ஊர்ல பேப்பர் படிக்கிறவங்க ஒருத்தர்கூடவா இல்ல?"

எங்கே வேலை செய்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். சட்டென்று எழுந்து நின்றுவிட்டார்.

"நீங்கதான் ஒருவரி அக்காவா? அக்கா, ஒங்க புக்கு இல்லன்னா நான் இங்க இல்ல! பச்சைப் பக்கம் அப்படியே மனப்பாடம் எனக்கு." பியூனைக் கூப்பிட்டுத் தேநீர் வாங்கிவரச் சொன்னார். "இந்த வருஷ புக்கையும் தம்பிக்காக வாங்கினேன், அவன் ஒங்க வகுப்புதான். கீரி வந்து ஈ விரட்டியது, சூப்பர்க்கா!"

தண்ணிப் பக்கம் ஒரு தடவையாவது வந்திருக்கிறீர்களா என்று கேட்டேன். பொறுப்பேற்று மூன்று மாதம்தான் ஆகிறதாம், சீக்கிரமே வர வேண்டும் என்றார். பேச்சைத் தோண்டிப் பார்த்ததில், அந்த இடத்தைப் பற்றி அவர் சொன்ன அத்தனையும் என் வரியில் இருந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. என் வரியில் வெங்காயம் இல்லை. வீடு இல்லை. எங்க அண்ணன் இல்ல. நான் எழுதினது அவ்வளவுதானே, அவர் எப்படித் தெரிஞ்சுக்குவாரு?

தேநீரைக் குடித்துவிட்டுத்தான் வந்தேன். குடிக்காமல் வந்திருக்க வேண்டும்.

செப்டம்பர் 4, புதன்

நேற்று அங்கிருந்து நேரே ஊருக்கு, அண்ணன் வீட்டுக்கு. அண்ணன் வாசலில் நின்றான், என்னைப் பார்த்ததும் மாட்டைப் பார்க்கப் போய்விட்டான். மாடு காலையிலிருந்து அதே இடத்தில்தான் நிற்கிறது.

அண்ணி வயலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மறுபோகத்துக்குப் போட்ட நாற்று மஞ்சள் பூத்துக் கிடந்தது. பிடுங்கி நட வேண்டிய நாள் கடந்துவிட்டது. பம்புசெட் கதவில் முத்திரை. வரப்பில் பச்சைப் பலகை, அதில் ஒரு பறவைப் படம், அலகு கரண்டிபோல. தண்ணிக்குள் வெள்ளையாக நூறு இருநூறு நின்றுகொண்டிருந்தன. நான் அவற்றைப் பற்றி எத்தனை வருடமாக எழுதுகிறேன், எது கரண்டிவாயன் எது கொக்கு என்று எனக்குத் தெரியவில்லை. அழகாகத்தான் இருந்தன. அதையும் எழுதாமல் விட்டால் நான் மறுபடியும் வெட்டி எழுதுகிறவள் ஆகிவிடுவேன்.

"பறவை வேணாம்னு நாங்க எப்ப சொன்னோம்?" என்றாள் அண்ணி. "வெங்காயம் எடுத்ததும் சேத்துல அதுங்க வந்து மேயும். அவரு வெரட்டக்கூட மாட்டாரு. ஒரு வார்த்த கேட்டிருந்தா, இந்தா இந்தக் கரை ஒங்களுக்கு, இந்தக் கரை எங்களுக்குன்னு பிரிச்சுக் குடுத்திருப்போம்."

"தப்பு எம்மேலதான் அண்ணி."

"ஒம்மேல பாதிதான். மீதிய யாரு மேல போடுறதுன்னுதான் அவருக்குத் தெரியல. அதான் முழுசையும் ஒம்மேல போட்டுட்டாரு."

கிளம்பும்போது அண்ணன் பஸ் நிற்கிற இடம் வரைக்கும் வந்தான். பையை வாங்கித் தூக்கிக்கொண்டான். பஸ் வந்ததும் பையை என் காலடியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனான்.

செப்டம்பர் 24, செவ்வாய்

அக்டோபர் இதழில் ஒவ்வொரு அறிவிப்புக்குக் கீழேயும் ஆட்சேபணைக்குக் கடைசி நாள் என்ன என்று போட்டிருந்தேன். ஒரு மின்பாதைத் திட்டம், இரண்டு அணை, ஒரு யானை வழித்தடம். சார் சிவப்பு மையால் எல்லாவற்றையும் அடித்து அனுப்பிவிட்டார். உள்ளே போய்க் கேட்டேன்.

"இது தேர்வுக்கு வராதும்மா. நீயேதானே சொல்வ?"

"வராது சார். ஆனா படிக்கிற பிள்ளைங்கள்ள யாரோட வீடாவது அங்க இருந்தா?"

"நாம புக்கு போடுறவங்க. ஊர் ஊராப் போயி தண்டோரா போடுறவங்க இல்ல. பக்கம் ஏறினா வெல ஏறும், வெல ஏறினா பையன் வேற கடைக்குப் போவான்." பிறகு குரலைத் தணித்து, "அண்ணன் விஷயம் கேள்விப்பட்டேன். வருத்தமாத்தான் இருக்கு. ரெண்டு நாள் லீவு எடுத்துக்கோ" என்றார்.

லீவு எதுக்கு? லீவுல என்ன செய்யட்டும், நாத்து நடட்டுமா? கத்திவிட்டேன். சார் முன்னால் இதுவரை குரல் உயர்த்தியதே இல்லை. அவர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார், வெளியே பிள்ளைகள் நிற்கிறார்கள் என்று.

செப்டம்பர் 26, வியாழன்

வழி கண்டுபிடித்தேன். செய்தியாகப் போட்டால்தானே அடிப்பார்? மாதிரி வினாவாகப் போட்டேன். "பின்வரும் திட்டத்துக்கு ஆட்சேபணை தெரிவிக்கக் கடைசி நாள் எது? அ, ஆ, இ, ஈ." நான்கு திட்டங்களுக்கு நான்கு வினா. சார் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். வினா என்றால் விலைபோகும்.

அக்டோபர் 13, ஞாயிறு

வகுப்பில் ஒருவன் எழுந்து, "அக்கா, கடைசி நாளெல்லாம் எந்த வருஷமும் கேட்டதே இல்லயேக்கா, தூக்கிடலாமே" என்றான். புத்திசாலிப் பையன். என்னால் வளர்ந்தவன். உட்காரடா என்றேன்.

அக்டோபர் 30, புதன்

அண்ணி பேசினாள். அண்ணன் யாரோ ஒருவருடைய லாரியில் மாற்று ஓட்டுநராகப் போகிறானாம். வீட்டுக்கு வந்தால் வாசலில் உட்கார்ந்து வயலையே பார்த்துக்கொண்டிருக்கிறானாம். வயலில் புல் இடுப்பளவு. "அவரு வயசுக்கு இப்பதான் மொதத் தடவையா சும்மா உக்காந்து பாக்கறேன். பயமா இருக்கும்மா" என்றாள். நான் இங்கிருந்து என்ன செய்ய முடியும்? என்னிடம் அண்ணன் பேசுகிறானா என்றுகூட அவள் கேட்கவில்லை.

டிசம்பர் 8, ஞாயிறு

அண்ணன் கூப்பிட்டான்! அவனாகவே. திரையில் பேரைப் பார்த்ததும் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

"வேலைக்கு ஆள் எடுக்கறாங்களாம். தண்ணிக்குக் காவல். இந்த ஊர்க்காரங்களுக்கு மொத உரிமைன்னு போட்டிருக்கு."

"சேர்ந்துக்கோயேண்ணே."

"சும்மா எடுக்க மாட்டாங்களாம். பரீட்சை இருக்கு. அதான், ஒன்ன விட்டா எனக்கு யாரு இருக்கா?"

அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். எந்தெந்தப் பாடம் என்று கேட்டேன், வாத்தியாரம்மா குரலில். பறவைகள், ஈரநிலம், நடப்பு நிகழ்வுகள். கட்-ஆஃப் பக்கத்திலிருந்து சைகை காட்டினாள், எவ்வளவு மார்க் எடுக்க வேண்டும் என்று கேள் என்று. அவளைத் தலையணையால் அடித்தேன்.

டிசம்பர் 22, ஞாயிறு

போனில்தான் பாடம். அண்ணனைப் போல மோசமான மாணவனை நான் பார்த்ததில்லை.

"மூணாவது படத்துல இருக்கறது என்ன பறவைண்ணே?"

"கொக்கு."

"நாலாவது?"

"அதுவும் கொக்கு."

"அது நாரைண்ணே!"

"எனக்குக் கொக்குதான். காலு நீளமா, வெள்ளையா இருந்தாக் கொக்கு. நான் வெங்காயக்காரன், கொக்குக்காரனா?"

அவனுக்குக் கோபம் வந்தது, எனக்கும் வந்தது, அண்ணி நடுவில் வந்து இரண்டு பேரையும் அதட்டினாள். பேசாமல் இருந்ததற்கு இது எவ்வளவோ மேல். "ஈரநிலத்தைப் பாதுகாப்பதன் நன்மைகள் யாவை? ஐந்து மதிப்பெண்" என்று கேட்டேன். ஐந்தையும் சொன்னான், நான் அனுப்பியபடியே, நிலத்தடி நீர் முதல் சூழல் சமநிலை வரை. பிறகு, "நெலம் போனதுக்கு எத்தன மார்க்கு?" என்றான். பாடத்திட்டத்தில் இல்லை என்றேன். அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

தேர்வு முடிந்தது. நன்றாக எழுதியிருக்கிறானாம். தொகுப்பின் பேரைக் கேட்டிருந்தார்களாம், ஒரு மதிப்பெண். "கீரி வந்து கைகொடுத்துச்சு" என்றான். போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

அண்ணன் பாஸ். ஊரில் எழுதிய ஒன்பது பேரில் இரண்டு பேருக்குக் கிடைத்திருக்கிறது. மற்ற ஏழு பேரும் வயல் போனவர்கள்தான். அவர்களுக்கு வாத்தியாரம்மா இல்லை. அண்ணி இனிப்பு வாங்கிக் கொடுத்தாளாம், அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கவில்லையாம். எப்படிக் கொடுப்பது?

இழப்பீடு பற்றி இன்னும் ஒன்றும் இல்லை.

மார்ச் 16, ஞாயிறு

அண்ணன் வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம் ஆகிறது. பச்சைச் சட்டை கொடுத்திருக்கிறார்களாம், தோள் இரண்டும் இறங்கி முழங்கை வரை தொங்குகிறதாம். இன்று மத்தியானம் கூப்பிட்டு, எடுத்த எடுப்பில், "மொத கேஸ் புடிச்சிட்டேன்" என்றான்.

"யாருண்ணே?"

"ஒங்க அண்ணி."

விளையாடுகிறான் என்று நினைத்தேன். விளையாடவில்லை. காலையில் மேற்பார்வையாளரோடு சுற்றிக்கொண்டிருந்தானாம். அவர் தொலைநோக்குக் கண்ணாடியை வைத்துப் பார்த்து, அங்கே புல்லுக்குள் யாரோ இருக்கிறார்கள், போய்ப் பார் என்று சொல்லியிருக்கிறார். நம் கீழ்வயல்தான். மாட்டுக்குத் தீனி இல்லையென்று அண்ணி எப்போதும் போகிற வழியிலேயே போய் எப்போதும்போல அறுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். இவன் பக்கத்தில் போய் நின்றதும் நிமிர்ந்து பார்த்து, "வந்துட்டீங்களா, இந்தக் கட்டத் தூக்கி விடுங்க" என்றாளாம்.

"என்னண்ணே செஞ்ச?"

"தூக்கி விட்டேன். பின்பக்கமாப் போயிடுன்னு அனுப்பிட்டேன். ஆனா அவரு பாத்துட்டாருல்ல? எழுதிக் குடுன்னுட்டாரு. எழுதினேன். சரியா இருக்கான்னு பாரு." வாசித்தான். எங்கேயும் திக்கவில்லை. "இன்று காலை, கீழ் வடிநில ஈரநிலத் தொகுப்பின் எல்லைக்குள் அத்துமீறிப் புல் அறுத்த பெண் ஒருவர் எச்சரித்து அனுப்பப்பட்டார். பெயர், ஊர் தெரியவில்லை."

"சரியா இருக்குண்ணே" என்றேன்.

"ஒரே வரில முடிச்சிட்டேன்."

அண்ணி போனைப் பிடுங்கிக்கொண்டாள். "கேட்டியாம்மா, எம்பேரு இவருக்குத் தெரியாதாம்! இத்தன வருஷம் குடும்பம் நடத்தி!" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அவளுக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. அது சிரிப்பு இல்லை என்று எனக்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது.

அண்ணன் போனைத் திரும்ப வாங்கினான். நாளைக்கும் புல்லுக்குப் போவேன் என்கிறாள், மேற்பார்வையாளர் இல்லாத நேரம் எது என்று சொல்லி வைத்திருக்கிறேன் என்றான். பிறகு, ட்யூட்டிக்கு நேரமாகிறது என்று வைத்துவிட்டான்.